எட்டு நாள் ஒழுங்கு, ஒன்பதாம் நாள் ஆப்பு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா காலத்துக் கமிஷன் கடை, இப்போது என் பெயரில் நடக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து போனால் காலை 9 மணிக்கு வேலை ஓய்ந்துவிடும். 2021-ல் கொஞ்சம் ஷேர் வாங்கிப் போட்டேன். 2022-லிருந்து நிஃப்டி ஆப்ஷன், அதாவது பங்குச்சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று கணித்து, குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும் ஒப்பந்தங்களை வாங்கி விற்பது. இதுவரை 6 லட்சத்து 40 ஆயிரம் போயிருக்கிறது. மனைவியின் 9 பவுன் பேங்கில் அடமானம், கடைக்காக என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய வைத்திருந்த 80 ஆயிரத்தையும் எடுத்துப் போட்டு, நான்கு நாளில் திருப்பி வைத்தேன். டிரேடிங் தெரியாமல் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டே டிரேடு, 2,000 ரூபாய் நஷ்டம் வந்தால் நிறுத்தம், ஸ்டாப் லாஸை (விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடச் சொல்லி வைக்கிற அளவு) நகர்த்தக் கூடாது என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு நாள் கடைப்பிடிப்பேன், 14 ஆயிரம் லாபம் நிற்கும். ஒன்பதாம் நாள் 36 ஆயிரம் போகும். பாண்டி கோவிலில் சத்தியம் செய்தேன், மூன்று வாரம் தாங்கியது. எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொள்கிறேன். டெலிகிராமில் ஒருவர் 25 ஆயிரத்துக்கு ‘டிரேடிங் சைக்காலஜி’ கோர்ஸ் நடத்துகிறார். நாம் பணக்காரராவதை நம் உள்மனமே தடுக்கிறது, அதை மாற்றலாம் என்கிறார். சேரலாமா? டிசிப்ளின் வர என்ன வழி? மூன்று மாதக் கணக்கும் டைரிப் பக்கங்களும் இணைத்திருக்கிறேன். பி.கு.: அப்பாவிடம் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

ஆடிட்டர் பதில்:

கோர்ஸில் சேராதீர்கள் தம்பி. அந்த 25 ஆயிரத்தை நகைக்கடனுக்குக் கட்டுங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படித்து முடிப்பதற்குள் ‘இன்று மட்டும் பாதி விலை’ என்று அவரிடமிருந்து மெசேஜ் வந்துவிடும்.

இந்தப் பங்கை வாங்கு, அதை விற்றுவிடு என்று சொல்வதற்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும். எனக்கு அது கிடையாது, அதனால் அந்தப் பக்கம் போகமாட்டேன். டெலிகிராம்காரருக்கு இருக்கிறதா என்று செபியின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்தது கணக்கு. நீங்கள் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டுகளையும் (ஒவ்வொரு டிரேடுக்கும் புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டு) டைரிப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு விவரமாக எழுதி வைக்கிற ஒருவருக்கு டிசிப்ளின் இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

2025 அக்டோபரில் 36 ஆயிரம் போன அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். வாராந்திர எக்ஸ்பைரி, அதாவது அந்த வார ஆப்ஷன்கள் காலாவதியாகும் நாள். 9:40-க்கு ஒரு லாட், அதாவது அப்போதைய கணக்கில் 75 எண்ணிக்கை, 120 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். 93-ல் ஸ்டாப் லாஸ் அடித்தது. நஷ்டம் 2,025. டைரிப்படி அன்றைய வேலை அதோடு முடிந்தது. ஆனால் 10:25-க்கு இரண்டு லாட், 110 ரூபாய். ஸ்டாப் லாஸ் 95. அதை 80-க்கு இறக்கினீர்கள், அப்புறம் எடுத்தே விட்டீர்கள். 48-ல் விற்றபோது 9,300 போயிருந்தது. மதியம் 1:50-க்குப் பத்து லாட், அதாவது 750 எண்ணிக்கை, ஒன்று 35 ரூபாய், மொத்தம் 26,250 ரூபாய். 3:20-க்கு அதன் விலை 2 ரூபாய். அதில் 24,750. மூன்றையும் கூட்டினால் 36,075, புரோக்கரேஜும் வரியும் தனி.

இதில் உள்மனச் சதி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் யாருக்கும் நடக்கக் கூடியது. நஷ்டத்தில் இருக்கிற மனிதன் கூடுதல் ரிஸ்க் எடுக்கத் துணிவான், லாபத்தில் இருக்கிறவன் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்தப் பார்ப்பான் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். முதலீட்டாளர்கள் ஏறிய பங்கைச் சீக்கிரம் விற்றுவிட்டு, இறங்கிய பங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று 1985-ல் நிதித்துறை ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் காட்டினார்கள். உங்கள் கணக்கிலும் அதேதான். லாபத்தில் முடிந்த டிரேடுகள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்திருக்கின்றன. பெரிய நஷ்டங்கள் எல்லாம் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஓடியவை. 2,025 ரூபாய் கைவிட்டுப் போனதும் உங்கள் மனதில் ‘இன்றைக்கு நல்ல டிரேடு எது’ என்ற கேள்வி போய், ‘2,025-ஐ எப்படித் திரும்ப எடுப்பது’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குச் சந்தையில் பதில் கிடையாது. உங்களுக்கு எவ்வளவு போனது என்பது நிஃப்டிக்குத் தெரியாது.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் சொல்லியிருப்பது. ராத்திரி 2 மணிக்கு எழுகிறீர்கள். சந்தை திறக்கும் 9:15-க்கு நீங்கள் விழித்து ஏழு மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்குள் மூட்டை இறங்கி, எடை போட்டு, ஏலம் கூவி, சில்லறைக்காரர்களோடு மல்லுக்கட்டி, சிட்டை எழுதி முடித்திருப்பீர்கள். மதியம் 1:50-க்குப் பத்து லாட் வாங்கிய ஆள் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரமாகத் தூங்காத ஆள். மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு டிரேடு செய்வது மாதிரி. உள்மனத்தை மாற்றுவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் தூக்கத்துக்கு யாரும் 25 ஆயிரம் வாங்க முடியாது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பூ மார்க்கெட்டில் மட்டும் ஏன் நீங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை? மல்லி விலை ஆடுகிற ஆட்டத்தை நிஃப்டி ஆடாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் உச்சத்தில் நிற்கும், மறுநாள் கேட்க ஆள் இருக்காது. மிஞ்சின பூவை ‘விலை ஏறட்டும், பார்ப்போம்’ என்று நீங்கள் ஒரு நாளும் வைத்துக்கொண்டது கிடையாது. எட்டு எட்டரை மணிக்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவீர்கள், இல்லாவிட்டால் சென்ட் ஃபேக்டரிக்குப் போய்விடும். வாடுகிற சரக்கு என்று தெரியும். ஆப்ஷனும் வாடுகிற சரக்குதான், எக்ஸ்பைரி நாளில் மணிக்கு மணி வாடும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்படியானால் அங்கே இருக்கிற நிதானம் இங்கே எங்கே போகிறது?

பலர் சொல்லும் பதில் அனுபவம், பொறுமை என்று போகும். நான் கணக்குக்காரன் பதில் சொல்கிறேன். மார்க்கெட்டில் பூ உங்களுடையது கிடையாது. விவசாயி கொண்டுவருகிறார், நீங்கள் விற்றுக் கொடுக்கிறீர்கள், விலை 300-க்குப் போனாலும் 1,300-க்குப் போனாலும் உங்களுக்குக் கமிஷன் உண்டு. விலை விழுந்தால் அடி அவருக்கு. அதனால்தான் உங்கள் கை நடுங்குவதில்லை. போனைத் திறந்ததும் இடம் மாறிவிடுகிறது. அங்கே கமிஷன் கடை வைத்திருப்பது புரோக்கரும், எக்ஸ்சேஞ்சும், வரி வாங்குகிற அரசாங்கமும். நீங்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற விவசாயி, அதுவும் தோட்டம் இல்லாத விவசாயி. கடைக்காரரின் நிதானத்தை அந்த ஆளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, ‘அப்படியே இருந்தாலும் டிசிப்ளினோடு செய்தால் ஜெயிக்கலாமே’ என்பீர்கள். உங்கள் கடிதம் முழுக்க இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அதனால் அதைத்தான் சோதித்துப் பார்த்தேன். மூன்று மாத டிரேடுகளை இரண்டு பக்கமாகப் பிரித்தேன். டைரி விதிப்படி நடந்தவை ஒரு பக்கம், மீறி நடந்தவை இன்னொரு பக்கம். மீறியவை 22. அவற்றில் நஷ்டம் 1 லட்சத்து 12 ஆயிரம். இதைப் பார்த்ததும் ‘நான்தான் சொன்னேனே’ என்று தோன்றும். பொறுங்கள். விதிப்படி நடந்தவை 61. அவற்றில் செலவுக்கு முந்தைய லாபம் 3,100 ரூபாய். அந்த 61-க்கும் புரோக்கரேஜ், எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து சுமார் 3,900. ஆக, ஒரு விதியும் மீறாத, நீங்கள் ஆக விரும்புகிற அந்த ஒழுங்கான டிரேடர், மூன்று மாதம் உட்கார்ந்து 800 ரூபாய் நஷ்டம் பண்ணியிருக்கிறார். எட்டு நாளில் வந்த 14 ஆயிரம் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சத்தமில்லாமல் விதிப்படியே போன நாட்கள் இருக்கின்றன. அவை உங்கள் ஞாபகத்தில் இல்லை, கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கின்றன.

மூன்று மாதம் சின்ன அளவுதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கும் இதே மாதிரி நீங்களே பிரித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முடிவு பெரிதாக மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை, காரணம் உங்கள் குணத்தில் இல்லை. செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ், உங்கள் ஆப்ஷனும் அதில் சேர்ந்தது) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம் பேர். அடுத்த வருடம், 2024-25-ல், நடுவில் விதிகளை இறுக்கியும் 91 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். இந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்களில் 93 சதவீதம் பேருக்கும் டிசிப்ளின் இல்லை, உள்மனம் கெட்டுப்போயிருக்கிறது என்றா சொல்வது? எதிர்ப்பக்கம் யார் இருந்தார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 2023-24-ல் சொந்தப் பணத்தில் டிரேடு செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் எஃப் அண்ட் ஓவில் மொத்த லாபம் பார்த்தன. அதில் 96, 97 சதவீதம் அல்கோ, அதாவது தானே ஆர்டர் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம், வழியாக வந்த லாபம். அதாவது 10:25-க்கு உங்களுக்கு விற்றது ஒரு கம்ப்யூட்டராக இருந்திருக்கலாம். அதற்குக் கோபமும் வராது, மாட்டுத்தாவணியிலிருந்து களைத்தும் வராது.

அந்த ஆய்வில் என்னை உறுத்திய வரி வேறொன்று. இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேல் விடாமல் தொடர்ந்தார்கள். ஏன் தொடர்கிறார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. என் மேஜைக்கு வருகிறவர்களை வைத்து நான் ஒரு காரணம் சொல்வேன். ஒவ்வொருவரும் நஷ்டத்துக்குத் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொள்கிறார். ‘முறை சரி, நான்தான் சொதப்பினேன்’ என்பார். கேட்க அடக்கமாக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிறவரை முறையை ஒருநாளும் விசாரிக்க வேண்டியதில்லை. தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி திங்கட்கிழமை உட்காரலாம். டெலிகிராம்காரர் விற்பதும் இந்த நம்பிக்கையைத்தான். நீங்கள் ‘எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியதைப் படித்தபோது, இந்த வாக்கியம்தான் உங்களை மூன்று வருடமாக உள்ளே உட்கார வைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிற 2021 ஷேர்களையும் பார்த்தேன். டிமேட் அறிக்கையில் அவை அப்படியே இருக்கின்றன, லாபத்தில் இருப்பதும் அவை மட்டும்தான். அவற்றுக்கு நீங்கள் எந்த விதியும் எழுதவில்லை, எந்தச் சத்தியமும் செய்யவில்லை. மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்கைப் பார்த்து பார்பர், ஓடியன் என்ற இருவர் 2000-ல் எழுதிய கட்டுரையில், அதிகம் வாங்கி விற்றவர்களுக்கு வருடத்துக்கு 11.4 சதவீதம் வந்தது, சந்தை கொடுத்தது 17.9. அவர்கள் ஆப்ஷன்காரர்கள்கூட இல்லை, சாதாரணப் பங்குக்காரர்கள்.

அதனால் என் யோசனை, ஆப்ஷனை நிறுத்துவது. குறைப்பது இல்லை. இதைச் சத்தியத்திடம் விடாதீர்கள். பாண்டி முனீஸ்வரருக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், சத்தியம் என்பது மறுபடியும் உங்கள் மனவலிமையிடமே பொறுப்பைக் கொடுப்பது. டிரேடிங் ஆப்பிலேயே (app) எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்க வசதி இருக்கும், இல்லையென்றால் புரோக்கருக்கு மெயில் போடுங்கள். மறுபடி திறக்க விண்ணப்பம், காத்திருப்பு, சில இடங்களில் வருமானச் சான்று என்று இழுக்கும். அந்த இழுப்புதான் நமக்கு வேண்டும். சில ஆப்களில் ‘கில் ஸ்விட்ச்’ என்று ஒரு நாள், அரை நாள் பூட்டுகிற வசதி உண்டு, உங்களுக்கு அது போதாது. இதையெல்லாம் ராத்திரி கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சந்தை மூடியிருக்கும்போது செய்துவிடுங்கள். டிரேடிங் கணக்கோடு கடையின் கரண்ட் அக்கவுண்ட் இணைந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

அந்த 80 ஆயிரம். நான்கு நாளில் திருப்பி வைத்தேன் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் நிம்மதி இல்லை. அது நிலக்கோட்டைப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒருவர் விடிவதற்கு முன்னால் பறித்த பூவின் காசு. அந்த நான்கு நாளில் சந்தை வேறு பக்கம் போயிருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? கமிஷன் கடைக்கு முதலே பெயர்தான். 6 லட்சத்தைச் சம்பாதித்துவிடலாம், பட்டுவாடா தவறிய கடை என்ற பேச்சு மார்க்கெட்டில் ஒருமுறை கிளம்பினால் உங்கள் அப்பா நாற்பது வருடம் உட்கார்ந்ததெல்லாம் போச்சு. விவசாயிகள் பணத்துக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள், அதில் யுபிஐ வேண்டாம், செக் மட்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. எஃப் அண்ட் ஓ நஷ்டம் வியாபார நஷ்டமாகத்தான் கணக்காகும். உங்கள் கமிஷன் வருமானத்தோடு அதே வருடம் கழித்துக்கொள்ளலாம், மீதியை எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். அப்படிக் கொண்டுபோக, ரிட்டனைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். நஷ்டத்தை யாருக்கும் தெரியக் கூடாது என்று ரிட்டனிலும் மறைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வருமான வரித்துறைக்கு அந்தப் பரிவர்த்தனைகள் ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறைப்பதில் உங்களுக்கு நட்டம் மட்டும்தான். போன வருடங்களில் கெடு தாண்டியதை மீட்பது சிரமம், இந்த வருடத்ததை விடாதீர்கள்.

நிறுத்திய பிறகு முதல் சில வாரம் 9:15-க்குக் கை போனைத் தேடும். அது போகும். ஆனால் வேறொரு புரோக்கரிடம் ரகசியமாகக் கணக்கு திறந்தீர்கள் என்றாலோ, தூக்கம் வரவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றாலோ, அது கணக்குக்காரன் தீர்க்கிற விஷயம் இல்லை. 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நம்ம ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சூதாட்டப் பழக்கத்துக்கு வைத்தியம் உண்டு, அவர்களுக்கு இது புதிதும் இல்லை.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதலில் மனைவியிடம். நகை அவருடையது. ‘கொஞ்சம் நஷ்டம்’ என்று தொடங்காதீர்கள், பாதி சொன்னால் மீதியை மறைக்க மறுபடி ஒரு பொய் வேண்டியிருக்கும். 6 லட்சத்து 40 ஆயிரம், 9 பவுன், கடன் முடிகிற தேதி, மாதம் எவ்வளவு கட்டி எப்போது மீட்கலாம் என்பதை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எஃப் அண்ட் ஓ மூடியதற்கான மெயிலையும் காட்டுங்கள். கான்ட்ராக்ட் நோட் வருகிற மெயில் கணக்கை அவர் போனிலும் திறந்து வையுங்கள். கோபப்படுவார், ஏன் படமாட்டார்? அன்றைக்கே முடிகிற பேச்சு இல்லை இது. அப்பாவிடம் போகும்போது கூடவே அவரும் வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த 80 ஆயிரத்தை மட்டும் அப்பாவிடம் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும், கடைச் சிட்டையில் அவர் அதை ஒருநாள் எப்படியும் கண்டுபிடிப்பார்.